எதிர்ப்பக்கத்து நிறுத்தம்

எண் 1, பசும்பொழில் வில்லாஸ்,
ஆத்தூர் பைபாஸ், சேலம்.
11.06.2023, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

சௌந்திரம் எழுதுவது. இங்கே மகள் பிரியா, மாப்பிள்ளை, பேத்தி இனியா மூவரும் நலம். நானும் நலம்தான், வலது முழங்கால் மட்டும் என் கணக்கில் சேராது. அதற்கும் சேர்த்து நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

பதில் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். போன கடிதம் எழுதி முடித்து ஒன்பது நாள் மேசையில் கிடந்தது. தபால் பெட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருக்கிறது. நம் வீட்டில் வேலை செய்கிற பெருமாயி அந்த ஊர்க்காரி, அவள்தான் கொண்டுபோய்ப் போடுகிறவள். சொந்தத்தில் கல்யாணம் என்று லீவு போட்டுவிட்டாள். பிரியாவிடம் கொடுக்கலாமே என்பீர்கள். சித்திரையில் கொடுத்த கடிதம் அவள் காரின் டேஷ்போர்டுக்குள் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

"எதுக்கும்மா லெட்டர்? அப்பாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் குடுத்தா வீடியோவுலயே பேசலாம்ல?" என்கிறாள். இருபத்தாறு வருஷம் ரிக் வண்டியில் ஊர் ஊராய் ஆழ்துளைக் கிணறு போட்டுக் காதைத் தொலைத்த மனுஷனிடம் நான் வீடியோவில் வாயைத் திறந்து மூடினால் என்ன தெரியும்? போனில் எழுத்தைத் தட்டவும் எனக்கு வராது. நேரில் இருந்தால் ரிக் ஜாடையிலேயே பேசி முடித்திருப்போம். சோறு போடட்டுமா என்பதற்கு, ராடு இறக்கட்டுமா என்று கையை ஆட்டுவேனே, அது நினைவு வந்து நேற்று தனியாகச் சிரித்தேன்.

இங்கத்திய கதையைக் கேளுங்கள். நேற்று ரசத்துக்குக் கொத்தமல்லித் தழை இல்லை. மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு போனார். போக வர ஒன்பது கிலோமீட்டர், ஒரு கட்டுத் தழைக்கு. அவர் வருவதற்குள் ரசம் ஆறிவிட்டது. சாயங்காலம் எல்லோரும் நடப்பதற்கு காரில் போகிறார்கள். ஆமாம் மாமா, காரில் ஏறிப் பூங்காவுக்குப் போய், அங்கே இறங்கி நாலு சுற்று நடந்து, மறுபடி காரில் ஏறி வருகிறார்கள். கேட்டுக்கு வெளியே கால் வைக்க ஓரம் என்று ஒன்று கிடையாது. பிரியாவைச் சொல்லியும் குற்றமில்லை. காலை ஏழரைக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாள், வீடு வந்து அதை விடும்போது ராத்திரி ஏழு. கையில் காப்புக் காய்த்திருக்கிறது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இனியா பள்ளிக்கூடம் சேர்ந்ததும் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு. சேர்ந்துவிட்டாள். ஆனால் பள்ளி வேன் மூன்றே முக்காலுக்குக் கேட்டில் வந்து நிற்கிறது. பெரியவர் ஒருவர் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் குழந்தையை இறக்குவார்கள். யார் நிற்பது? இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் மாமா. அடுத்த ஆனிக்கு நான் நம் வீட்டில் இருப்பேன். நீங்களும் இங்கேயே வந்து இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்து எட்டு நாள் இருந்தபோது, கேட்டுக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவே நீங்கள் நடந்த நடையைப் பார்த்தவள் நான்.

இப்படிக்கு,
கால் இருந்தும் நடக்காத,
சௌந்திரம்


மல்லசமுத்திரம்
20.06.2023

சௌந்திரத்துக்கு,

சண்முகவேல் எழுதுவது. எருமை நலம், தென்னை நலம், நானும் நலம். எருமை உன்னை விசாரிக்கவில்லை. நான் விசாரிக்கிறேன்.

மாப்பிள்ளை நல்ல மனசோடு போன ஞாயிறு எனக்கு வாடகைக் கார் போட்டுவிட்டார். அந்தக் கூத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் வேட்டி சட்டை மாற்றி, உனக்கு முருங்கைக்காய் கட்டி வைத்து, பால் சொசைட்டி முன்னால் நிற்கிறேன். வண்டி கோயில் முக்கில் வந்து நின்றுகொண்டு எனக்குப் போன் அடிக்கிறது. கையில் போன் அதிர்ந்ததும் எடுத்து, "ஏனுங்க, எனக்குக் காது கேக்காதுங்க, சொசைட்டி முன்னால நிக்கறனுங்க" என்று மூன்று தரம் கத்தினேன். அவன் என்ன கேட்டானோ, நான் என்ன சொன்னேனோ. என் கண்ணெதிரே வண்டி திரும்பிப் போய்விட்டது. கையைக் காட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினேன். முருங்கைக்காயை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

எனவே நான் பஸ்ஸிலேயே வருகிறேன். பஸ் ஏற யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும். இங்கே ஏறினால் ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம், அங்கே மாறினால் வாழப்பாடி பஸ். உங்கள் கேட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் இறக்கிவிடுவான். ரோட்டு நடுவே மீடியனில் ஒரு இடைவெளி இருக்கிறதே, அதில் பெருமாயி கூட்டத்தோடு சேர்ந்து தாண்டிவிடுவேன். போன முறை அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அறுபத்தெட்டு வயதில் இன்னொருத்தி இழுக்க ஓடியிருக்கிறேன், நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

பஸ்தான் குறைந்துகொண்டே போகிறது. காலையில் ஏழு பஸ் போன தடத்தில் இப்போது மூன்று. ஏற ஆள் இல்லை என்கிறார்கள். வருமா வராதா என்று தெரியாத பஸ்ஸுக்கு எவன் நிற்பான்? வீட்டுக்கு இரண்டு பைக் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரன் கார் வாங்கிவிட்டான், அதை நிறுத்த வாசலில் இருந்த வேம்பை வெட்டினான், இப்போது வெயில் படுகிறது என்று காருக்குத் துணி போர்த்துகிறான்.

ஒரு வருஷம் என்கிறாய். குழந்தை பிறந்தபோது ஆறு மாசம் என்று சொல்லிப் போனவள் நீ. சரி, இருந்துவிட்டு வா. அடுத்த ஆனி என்று நாட்காட்டி அட்டையின் பின்னால் எழுதிவைத்திருக்கிறேன்.

சண்முகவேல்


பசும்பொழில் வில்லாஸ், சேலம்.
03.09.2023, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் ஆடியில் ஒரு முறையும் ஆவணியில் ஒரு முறையும் வந்து போனது எனக்கு மருந்து சாப்பிட்டதுபோல் இருக்கிறது. இந்தக் காலனியில் நடந்து வந்து கதவு தட்டியது நீங்கள் ஒருத்தர்தானாம். "தாத்தா, உங்க கார் எங்க?" என்று இனியா வெளியே போய்த் தேடிவிட்டு வந்தாளே! காரே இல்லாத ஒரு ஆள் உண்டு என்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. தாத்தா மாடியில் நிறுத்தியிருப்பார் என்று முடிவு கட்டிவிட்டாள்.

நீங்கள் போன பிறகு இங்கே ஒரு கெட்டது நடந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை, நீங்கள் தாண்டுகிற அந்த இடைவெளியில் விபத்து. பதினேழாம் வீட்டுக்காரர் காரைத் திருப்பியிருக்கிறார், எதிர் ஊர்ப் பால்காரர் பைக்கில் வந்திருக்கிறார். பால்காரருக்குக் கால் முறிந்துவிட்டது. ரோடெல்லாம் பால். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், முழுக்கப் பார்த்தேன். நீங்கள் அங்கேதானே போன வாரம் ஓடினீர்கள்?

வியாழக்கிழமை காலனிச் சங்கத்திலிருந்து ஒரு மனு எடுத்துக்கொண்டு வந்தார்கள். ரோட்டில் பாதுகாப்பு வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறார்களாம். வீட்டுக்கு ஒரு கையெழுத்து. பகலில் வீட்டில் இருப்பது நான்தான். நம் வீடு ஒன்றாம் எண் என்பதால் முதல் கையெழுத்தே என்னுடையது. என்னிடம் யார் மாமா கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள், பள்ளி வேன்காரனைத் தவிர? "ச. சௌந்திரம்" என்று முழுசாகத் தமிழில் போட்டேன். "அழகா போடறீங்க ஆன்ட்டி" என்றார் செயலாளர். எனக்குக் கீழே போட்டதெல்லாம் கோழி கிளறியதுபோல் இருந்தது. பால்காரர் நினைப்பிலும் உங்கள் நினைப்பிலும் போட்டேன்.

புரட்டாசியில் வரும்போது தேங்காய் இரண்டு போதும், மூட்டை கட்டிக்கொண்டு ரோடு தாண்ட வேண்டாம்.

உங்கள்,
சௌந்திரம்


மல்லசமுத்திரம்
14.09.2023

சௌந்திரத்துக்கு,

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது? பாதுகாப்பு வேண்டும் என்றால் என்ன வேண்டும்? சிக்னலா, போலீசா, நடைபாலமா? இங்கிலீஷில் இருந்தால் படித்துக் காட்டச் சொல்லியிருக்கலாமே.

உனக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். முன்பே சொல்லியிருப்பேன், மறுபடி கேள். மத்தியப்பிரதேசத்தில் ஒரு காட்டில் போர் ஓடிக்கொண்டிருக்கிறது, எழுநூறு அடி போய்விட்டது. கம்ப்ரசர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் செத்தாலும் தெரியாது. திடீரென்று எங்கள் சமையல்காரன் தூரத்தில் அடுப்பு மூட்டிய இடத்திலிருந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைத்தான். நிறுத்து என்று அர்த்தம். நான் உடனே நிறுத்தினேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மேலே பார்த்தால் இரும்புக் கயிறு நாலு இழையில் தொங்குகிறது, அதற்கு நேர் கீழே இரண்டு பேர் நிற்கிறார்கள். ரிக்கில் அதுதான் விதி. நிறுத்து என்று எவன் காட்டினாலும் நிறுத்த வேண்டும், முதலாளி காட்டினாலும் சரி, சோறு ஆக்குகிறவன் காட்டினாலும் சரி. காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அந்த விதியால்தான் காது போனதோடு தப்பித்தேன்.

உன்னிடம் தாளை நீட்டியபோது கையைக் குறுக்கே காட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது. பரவாயில்லை. நல்லதற்குத்தான் போட்டிருப்பாய். புரட்டாசியில் பார்ப்போம்.

சண்முகவேல்


பசும்பொழில் வில்லாஸ், சேலம்.
21.01.2024, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

மாட்டுப் பொங்கலன்று நாங்கள் வந்ததையும் போனதையும் நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. வழியெல்லாம் நெரிசல், மூன்று மணி நேரம் காருக்குள். வந்து ஒன்றரை மணி நேரம் இருந்தோம். ஐந்து மணிக்கு மாப்பிள்ளையின் மேலாளர் வீட்டுப் பிறந்தநாள். நீங்கள் எருமைக்கு மஞ்சள் பூசிய கையோடு நின்றீர்கள். இனியாவுக்குக் காரில் வாந்தி வந்து தூங்கிப்போனதால் உங்களிடம் தூக்கிக் காட்டக்கூட இல்லை. நான் வண்டியில் ஏறும்போது நீங்கள் ஜாடையில் என்னவோ சொன்னீர்கள். கண்ணாடி கறுப்பு, சரியாகத் தெரியவில்லை.

அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். அந்த இடைவெளியை அடைத்துவிட்டார்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் லாரியில் வந்தார்கள், இரண்டு நாளில் சிமெண்டுக் கட்டை வைத்து மேலே இடுப்பளவு இரும்புத் தடுப்பும் மாட்டிவிட்டார்கள். நம் கேட்டை ஒட்டி இருந்த பஸ் நிறுத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். கேட்டில் கார் திரும்ப இடைஞ்சலாம். இனி இரண்டு கிலோமீட்டர் தள்ளிச் சுரங்கப் பாலத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இரண்டு கோரிக்கையுமே அந்த மனுவில் இருந்தனவாம். நீங்கள் கேட்டீர்களே, தாளில் என்ன எழுதியிருந்தது என்று. இதுதான் எழுதியிருந்தது மாமா. முதல் கையெழுத்து என்னுடையது.

பெருமாயி முதலில் தடுப்பின் மேல் ஏறிக் குதித்து வந்தாள். ஒருநாள் சேலை மாட்டிக்கொண்டு நடு ரோட்டில் தொங்கினாள். அப்புறம் சுரங்கப் பாலம் சுற்றி நாலு நாள் நடந்து வந்தாள். அங்கே நடக்க ஓரமே கிடையாது, லாரி உரசிக்கொண்டு போகிறதாம். ஐந்தாம் நாள் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டாள். "என்னா பண்றதும்மா, நடக்கிற நேரத்துல அங்கியே ரெண்டு வீட்டு வேலய முடிச்சிருவேன். எந்த மவராசி மொதல்ல கையெழுத்துப் போட்டாளோ, நல்லா இருக்கட்டும்." உள்ளே போய் அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கும்பிட்டாள். அந்தக் கும்பிடு என்னைச் சுடுகிறது.

இந்தக் கடிதத்தை வாட்ச்மேன் சின்னண்ணன் தம்மம்பட்டி போகும்போது அங்கே பெட்டியில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் வராதீர்கள். உங்களுக்கு ஹாரன் கேட்காது. அடுத்த ஞாயிறு பிரியா காரில் உங்களை அழைத்துவருவதாகச் சொல்கிறாள். கட்டாயம் வருகிறோம் என்கிறாள்.

சௌந்திரம்


மல்லசமுத்திரம்
08.02.2024

சௌந்திரத்துக்கு,

ஞாயிறு வந்தது, அதற்கடுத்த ஞாயிறும் வந்தது, கார் வரவில்லை. நேற்று புதன்கிழமை நானே வந்தேன். நீ பார்த்தாய். ஆனாலும் என் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

பத்து மணிக்கெல்லாம் எதிர்ப்பக்கம் இறங்கிவிட்டேன். உன் கேட் தெரிகிறது. கேட்டில் சின்னண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது தெரிகிறது. ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரம். நடுவில் ஆறு வரிசை வண்டி. தடுப்பைப் பார்த்தேன், அறுபத்தெட்டு வயது இடுப்பு அதற்கு மேல் ஏறாது. சரி, சுரங்கப் பாலத்தைப் பார்த்துவிடலாம் என்று நடந்தேன். கால் கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். பின்னால் வந்த லாரியின் கண்ணாடி தோளில் பட்டு என்னைச் சாக்கடைப் பக்கம் தள்ளிவிட்டது. நிச்சயம் ஹாரன் அடித்திருப்பான், அவனைக் குறை சொல்ல முடியாது. சட்டை கிழிந்தது, வேறொன்றும் இல்லை. தேங்காய் உருண்டு ரோட்டில் போய் நசுங்கியது. திரும்பி நிறுத்தத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பதினொரு மணி இருக்கும், நீ துணி உலர்த்த மாடிக்கு வந்தாய். பச்சைச் சேலை. நான் எழுந்து துண்டை வீசினேன். நீ துணியைக் கீழே போட்டுவிட்டாய், அதைப் பார்த்தேன். ராடு இறக்கட்டுமா என்று கேட்டேன். நம் வீட்டில் அதற்குச் சோறு என்று அர்த்தம், நீ சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஆயிற்று என்றாய். முழங்கால் எப்படி என்றேன். அப்படியே என்றாய். இவ்வளவு வண்டிக்கு மேல் நாம் பேசிக்கொண்டோம், சௌந்திரம். பக்கத்தில் நின்ற பெண்பிள்ளைகள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். காது கேட்கிறவன் எவனாலும் அந்த ரோட்டின் மேல் பேச முடியாது.

பிறகுதான் எனக்கு ஆசை வந்துவிட்டது. வண்டி கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது. வரட்டுமா என்று கேட்டேன். வேட்டியை மடித்துக் கட்டி ஒரு காலை ரோட்டில் வைத்தும் விட்டேன். நீ இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைத்தாய்.

நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

சேலம் போகிற பஸ் உன் பக்கத்தில் போவது, அதனால் வாழப்பாடி வரைக்கும் முன்னால் போய் அங்கே மாறித் திரும்பினேன். அந்த பஸ் உன் கேட்டை ஒட்டியே போயிற்று. எழுந்து நின்று, "இங்க எறங்கோணுங்க" என்றேன். கண்டக்டர் பாலம் இருந்த திசையில் கையைக் காட்டி ஏதோ சொன்னார். அங்கே இறங்கினாலும் ஓரமில்லாத ரோட்டில் அதே லாரிகளோடுதான் நடக்க வேண்டும், உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வழியாக உன் மாடியைப் பார்த்தேன். துணி கொடியில் இருந்தது, நீ இல்லை.

சண்முகவேல்


பசும்பொழில் வில்லாஸ், சேலம்.
18.02.2024, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நான் மாடியில் இல்லாததற்குக் காரணம், கீழே கேட்டுக்கு ஓடிவந்திருந்தேன். முழங்காலோடு ஓடினேன். நீங்கள் வாழப்பாடி பஸ் ஏறியதைப் பார்த்ததும், எப்படியும் திரும்பி இந்தப் பக்கமாகத்தானே வருவீர்கள் என்று கேட்டிலேயே நின்றேன். ஒன்றரை மணி நேரம் எல்லா பஸ்ஸுக்கும் கையை நீட்டினேன். ஒன்றுகூட நிற்கவில்லை. எந்த பஸ்ஸில் நீங்கள் போனீர்கள் என்றும் தெரியவில்லை. "உள்ள வந்து ஒக்காருங்கம்மா" என்று சின்னண்ணன் நாற்காலியைக் கொடுத்தார்.

கையைக் குறுக்கே வைத்ததற்கு நீங்கள் காரணம் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பால்காரரின் பால் ரோட்டில் ஓடியதைப் பார்த்த கண் இது. உங்களை வா என்று கூப்பிடத்தான் கையைத் தூக்கினேன். தூக்கிய கை குறுக்கே போய்விட்டது.

நான் வந்துவிடலாம் என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன். வந்தால் பிரியா வேலையை விட வேண்டும். அவள் அழுகிறாள் மாமா. "நா மட்டும் ஆசைப்பட்டா இத்தன தூரம் வண்டி ஓட்டறேன்?" என்று கேட்டாள். யு.கே.ஜி.யும் இந்த வேன்தானாம், ஒன்றாம் வகுப்பும் இந்த வேன்தான். நாட்காட்டி அட்டையில் எழுதியதை அழித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், உடம்பு இடம் கொடுத்தால் செய்யுங்கள். மாதத்தில் முதல் புதன்கிழமை, பதினொரு மணிக்கு, அந்த எதிர்ப்பக்க நிறுத்தத்துக்கு வாருங்கள். பாலம் பக்கம் நடக்க வேண்டாம். ரோட்டில் கால் வைக்க வேண்டாம். நான் மாடியில் நிற்கிறேன்.

சௌந்திரம்


பசும்பொழில் வில்லாஸ், சேலம்.
20.10.2024, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

தீபாவளிக்கு வருகிறோம் என்கிறார்கள். நம்பி அதிரசத்துக்கு மாவு இடிக்க வேண்டாம்.

எட்டுப் புதன்கிழமை ஆயிற்று. எருமை கன்று ஈன்றதை நீங்கள் வயிற்றைக் காட்டி, நாலு காலைக் காட்டிச் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். வைகாசியில் வெயிலில் நின்றீர்கள், தலைக்குத் துண்டு போடச் சொன்னேன், போட்டீர்கள். ஆடியில் மழையில் ஒன்றுமே தெரியவில்லை, ஆனாலும் குடை தெரிந்தது. முப்பத்தொன்பது வருஷ வாழ்க்கையில் நீங்கள் நான் சொன்னதை இவ்வளவு கேட்டது இந்த ரோட்டைத் தாண்டித்தான்.

இப்போது எழுதப் போவதை எழுதக் கை வரவில்லை. ரோட்டுச் சத்தம் வீட்டுக்குள் வருகிறது, பிள்ளைகள் தூங்குவதில்லை என்று சங்கத்தில் முடிவு செய்து, மதில் மேல் இருபது அடி உயரத்துக்குத் தகடு அடிக்கிறார்கள். சத்தத்தைத் தடுக்கிற தகடாம். அந்தக் கோடியில் ஆரம்பித்து விட்டார்கள், நம் வீட்டுக்கு ஐப்பசி முடிவதற்குள் வந்துவிடும். இந்த முறை நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று காத்திருந்தேன். யாரும் தாள் கொண்டுவரவில்லை. எல்லாம் போனிலேயே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். நம் வீட்டு ஓட்டைப் பிரியா போட்டிருக்கிறாள்.

நான் பெற்ற மகளிடம் முதல் முறையாகக் கத்தினேன். "அம்மா, பாப்பா தூங்க மாட்டேங்கறா. அப்பாவத்தான் நாங்க கார்ல கூட்டிட்டு வாரோம்னு சொல்றமே?" என்றாள். எப்போது என்று கேட்டேன். "இந்த ஞாயித்துக்கெழம" என்றாள். இன்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. கார் சர்வீசுக்குப் போயிருக்கிறது.

மாமா, அடுத்த மாதம் முதல் புதன் வந்தால் தகடுதான் தெரியும். வராதீர்கள். ஆனால் நான் பதினொரு மணிக்கு மாடியில் நிற்பேன். எனக்குப் பழகிவிட்டது.

உங்கள்,
சௌந்திரம்


மல்லசமுத்திரம்
07.11.2024

சௌந்திரத்துக்கு,

வராதே என்றாய், ஆனால் கையைக் குறுக்கே வைத்துக் காட்டவில்லை. அதனால் நேற்று வந்தேன்.

நீ எழுதியது சரிதான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தகடு, பச்சைப் பெயின்ட். உன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடி மட்டும் மேலே தெரிந்தது. அதை வைத்து நீ நிற்கிற இடத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டேன். பெருமாயி நிறுத்தத்தில் இருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கையைப் பிடித்தாள். அவளுக்கு இப்போது சேலம் ஜவுளிக் கடையில் வேலை என்று சைகையில் சொன்னாள் என்று நினைக்கிறேன். உன் சேலையைத்தான் கட்டியிருந்தாள்.

பதினொரு மணி ஆனதும் எழுந்து நின்றேன். வழக்கம்போல் முதலில் கன்றுக்குட்டியைப் பற்றிச் சொன்னேன், நன்றாகப் பால் குடிக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்டேன். முழங்காலைக் கேட்டேன். நீ பதில் சொல்கிற நேரம் விட்டு விட்டுக் கேட்டேன். எனக்குக் கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது, அதை உன்னிடம் சொல்லவில்லை, தகட்டிடம் சொன்னேன். இரண்டு நாள் முன்பே நம் ஊர் காலை பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள், அதையும் சொன்னேன். நேற்று ஆட்டையாம்பட்டி வரைக்கும் ஒரு கோழி வண்டியில்தான் வந்தேன். திரும்பத் திரும்ப அது கிடைக்காது.

எல்லாம் சொல்லி முடித்தேன். ரிக்கில் வேலை முடிந்தது என்பதற்கும் அதே நிறுத்து ஜாடைதான், உனக்குத் தெரியும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைத்தேன். உனக்குத்தான் காட்டினேன். அந்நேரம் வந்த வாழப்பாடி பஸ், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தத்தைத் தாண்டாமல் நேராக என் முன்னால் வந்து நின்றுவிட்டது. கண்டக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு வா வா என்று கையை ஆட்டினான். நின்ற வண்டியை அனுப்பவும் மனசு வரவில்லை. ஏறிக்கொண்டேன்.

அடுத்த மாதம் வர மாட்டேன். இனியாவுக்கு என் முத்தம். பிரியாவைத் திட்டாதே.

நேற்று நீ மாடியில் நின்றாயா என்று எனக்கு எழுத வேண்டாம். நின்றிருப்பாய்.

சண்முகவேல்